குடும்ப நீதிமன்றத்தில் மகளோடு

ஜீவனாம்சத்துக்கு ஒரு மனு, மகள் யாரிடம் இருப்பது என்பதற்கு ஒரு மனு. இரண்டும் எங்கள் மாவட்டக் குடும்ப நீதிமன்றத்தில் நடக்கின்றன. வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தேன், கிடைத்தார். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க அனுமதி மனு வேறு போட வேண்டும், பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள்.

பண விஷயம் சீக்கிரமே ஒரு வழிக்கு வந்தது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னபடி, வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். "வேலையே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த கணவர் வங்கிக் கணக்கைக் காட்டச் சொன்னதும் அடங்கிவிட்டார். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்பதும் அதே தீர்ப்புதான்.

மகள் விஷயம் அப்படி இல்லை. சனிக்கிழமைதோறும் கோர்ட் வளாகத்தில் ஓர் அறையில் அப்பாவைப் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, கை உடைந்த பொம்மை, வராந்தாவில் யாராவது சண்டை. வெள்ளிக்கிழமை ராத்திரியே அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். "அப்பாவைப் பிடிக்கலைன்னு எழுதிக் கொடுத்துடு, கேஸ் பலமாகும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். அது பொய். அவளுக்குப் பிடிக்காதது அந்த அறை.

இடத்தை மட்டும் மாற்றச் சொல்லி இடைக்கால மனு போட்டோம். நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டு, அவளைச் சேம்பருக்குக் கூப்பிட்டார். எந்த கிளாஸ், யார் ஃபிரெண்டு என்று பேசிவிட்டு, "அப்பாவை எங்கே பார்த்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டாராம். கவுன்சிலிங்கிலோ எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "அம்மா வேணுமா, அப்பா வேணுமா" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்? "அத்தை வீட்டில்" என்று நீதிபதியிடம் சொல்லியிருக்கிறாள். உத்தரவும் அப்படியே வந்தது. நாத்தனாருக்கும் எனக்கும் பேச்சு இல்லைதான், ஆனால் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளை வர வேண்டியதில்லை, வரச் சொல்லும் தேதிக்கு மட்டும் கூட்டிப்போனால் போதும். விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டுமென்றால் ஒரு தரப்பு கேட்டாலே போதும், 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு. பள்ளி நாளாக இருந்தால் வேறு தேதி கேளுங்கள். மகள் அடுத்து வர வேண்டிய வாய்தாவைக் காலாண்டு விடுமுறையில் கேட்டு வாங்கியிருக்கிறார் எங்கள் வக்கீல்.