ஏழு டூல், ஒரு நூல் குடோன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆறு வருடமாக மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறேன். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் வரை சரக்கு எங்கே போகிறது, எத்தனை கிலோ திரும்பி வருகிறது என்ற கணக்கெல்லாம் அதில்தான் ஏறுகிறது. போன வருடம் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "இத்தனை ஸ்கிரீன்ல தேடித் தேடிப் பாக்க முடியலம்மா. நான் வாயில கேட்டா அது பதில் சொல்ற மாதிரி பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். ஒரே ராத்திரியில் செய்தும் கொடுத்துவிட்டேன். அதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவதற்கு நான்கு மாதம் ஆனது. ஏஜென்டுக்கு, அதாவது கேட்டதைத் தேடிப் பதில் சொல்கிற ஏஐ உதவியாளருக்கு, டூல் எழுத உட்காருகிற யாருக்காவது அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பத்தி. ஏஜென்டுக்குப் பின்னால் இருக்கிற ஏஐ மொழி மாடல் எதையும் தானாக ஓட்டாது. குடோனுக்கு இன்டென்ட் சீட்டு எழுதுகிற மாதிரிதான் இது. என்னென்ன டூல் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன செய்யும், அதற்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று ஜேசன் ஸ்கீமா என்கிற படிவ வடிவில் நாம் எழுதிக் கொடுக்கிறோம். கேள்வி வந்ததும் மாடல் "இந்த டூல், இந்த விவரம்" என்று ஒரு சீட்டை நீட்டுகிறது. டேட்டாபேஸைத் தொடுவது நம்முடைய கோடு. கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தால், மாடல் படித்துவிட்டு அடுத்த சீட்டை நீட்டும், இல்லாவிட்டால் பதில் சொல்லும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ இதை ஃபங்ஷன் காலிங் என்ற பெயரில் தன் ஏபிஐயில் (மற்ற மென்பொருள்கள் கூப்பிடுவதற்கான வாசல்) திறந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ வந்துவிட்டது, சீட்டு நீட்டுகிற முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஒரே ராத்திரியில் நான் செய்தது இவ்வளவுதான். ஏற்கெனவே இருந்த 41 ஏபிஐயையும் 41 டூலாக மாற்றிக் கொடுத்தேன். எல்லாம் ஸ்கிரீனுக்காக எழுதியவை. நூல் பட்டியலுக்கு ஒன்று, நூல் இருப்புக்கு ஒன்று, நூல் தேடலுக்கு ஒன்று. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எழுதிய நானே கோடைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாடல் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்?

இரண்டாவது வாரம் அது நடந்தது. முதலாளி மில்லுக்குப் போன் போட்டுக்கொண்டே ஏஜென்டிடம் "முப்பது கோம்ப்டு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். முப்பது என்பது நூலின் கவுன்ட் (பருமனைச் சொல்கிற எண்), கோம்ப்டு என்பது சீவிச் சுத்தம் செய்த பஞ்சில் நூற்ற நூல். அது தேடல் டூலை "முப்பது கோம்ப்டு" என்ற சொல்லோடு கூப்பிட்டது. எங்கள் டேபிளில் அந்த நூல் "30 சிஎச்" (கோம்ப்டு ஹோசியரி) என்ற பெயரில் இருக்கிறது. டூல் காலிப் பட்டியலைத் திருப்பியது. மாடல் அதைப் படித்துவிட்டு, நல்ல தெளிவான தமிழில், "30 கோம்ப்டு நூல் தற்போது இருப்பில் இல்லை" என்றது. அவர் அப்போதே 20 மூட்டைக்கு, ஆயிரம் கிலோவுக்கு, ஆர்டர் சொல்லிவிட்டார்.

குடோனில் அந்த நூல் 14 மூட்டை இருந்தது.

மறுநாள் லோடு இறங்கும்போது ஸ்டோர் பார்க்கிற அண்ணன் எனக்குப் போன் செய்தார். இருபது வருடத்துக்கும் மேலாக அந்தக் குடோனில் இருப்பவர். "ஏனுங்க அம்மணி, இருக்கிற நூல எண்ணிப் பாக்காமயே ஆர்டர் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்களே?" என்றார். கோபமில்லாத குரல்தான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மாடல் தப்பு செய்யவில்லை. நான் காலிப் பட்டியலைக் கொடுத்தேன், அது "இல்லை" என்று வாசித்தது. "இல்லை" வேறு, "தெரியாது" வேறு என்ற வித்தியாசத்தை என் கோடு அதற்குச் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் முழுக்கக் காலையில் அந்த அண்ணன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். யார் யார் வந்து என்ன கேட்கிறார்கள், அவர் என்ன சொல்கிறார் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். நிட்டிங் மாஸ்டர் வந்து "முப்பது இருக்குதுங்களா?" என்றால் அவர் ஒருபோதும் நேரடியாக எண்ணைச் சொன்னதில்லை. "எந்த முப்பதுங்க? கோம்ப்டு பதினாலு மூட்டை கெடக்குது, கார்டட் ஆறு. எதுக்கு வேணும்?" என்பார். தெரியாத நூலைக் கேட்டால், "அந்தப் பேர்ல நம்மகிட்ட நூலே கெடையாதுங்க, நீங்க கேக்கறது இதாட்ட இருக்குது" என்று கையில் ஒரு கோனை எடுத்துக் காட்டுவார்.

இப்போது என் இருப்பு டூல் அவரை மாதிரித்தான் பேசுகிறது. "முப்பது" என்று மட்டும் கேட்டால் காலிப் பட்டியல் வராது. "‘முப்பது’ என்று தனியாக ஒரு நூல் பதிவில் இல்லை. 30 கோம்ப்டு 14 மூட்டை, 30 கார்டட் 6 மூட்டை உள்ளன. எது வேண்டும் என்று பயனரிடம் கேள்" என்று திருப்புகிறது. நூல் உண்மையிலேயே தீர்ந்துபோயிருந்தால் "பதிவில் உள்ள நூல், இருப்பு 0" என்று கடைசியாக வெளியே போன தேதியோடு சொல்கிறது. டேட்டாபேஸ் பதில் சொல்லாவிட்டால் "இருப்பு எவ்வளவு என்று இப்போது தெரியாது, இல்லை என்று சொல்லிவிடாதே" என்றே எழுதி வைத்திருக்கிறேன். எரர் மெசேஜ் என்பது புரோகிராமர் பார்க்கிற லாக் என்றே இத்தனை வருடம் பழகிவிட்டேன். இங்கே அதைப் படிக்கிறது மாடல். படித்ததும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

அந்த நோட்டை வைத்துத்தான் 41 டூல் ஏழானது. குடோனுக்கு வந்து கேட்கிறவர்கள் உண்மையில் ஏழு வகை வேலைக்குத்தான் வருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது லாட் டூல். லாட் என்பது ஒன்றாகச் சேர்ந்து போகிற ஒரு தொகுதிச் சரக்கு. ஒரு லாட் எண்ணைக் கொடுத்தால் நூலிலிருந்து கட்டிங் டேபிள் வரை அது போன பாதை முழுக்க ஒரே பதிலில் வரும். முன்பு இதற்கு மாடல் ஐந்து டூலைக் கூப்பிட்டு, எடைகளைத் தானே கழித்துப் பார்த்தது. டையிங்குக்கு 512.400 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) போய் 478.650 கிலோ திரும்பியிருந்தால் குறைவு 33.750 கிலோ, 6.59 சதவீதம். இதை ஒரு நாள் சரியாகச் சொன்னது, இன்னொரு நாள் தசமப் புள்ளியில் தடுக்கியது. டையிங்காரரிடம் ப்ராசஸ் லாஸ் பேசும்போது அரை சதவீதமும் பணம். கழித்தல் கணக்கை மாடலிடம் விட்டது என் தவறு. இப்போது குறைவையும் சதவீதத்தையும் கோடு கணக்கிட்டுக் கொடுக்கிறது. மாடலுக்கு அதை எடுத்துச் சொல்கிற வேலை மட்டும்.

சின்னச் சின்ன விஷயங்களும் நிறைய உண்டு. "அளவு" என்று ஒரு பாராமீட்டர் வைத்திருந்தேன். 20 என்று வரும், மூட்டையா கிலோவா தெரியாது. பெயரிலேயே கிலோவைச் சேர்த்ததும் அந்தக் குழப்பம் போய்விட்டது. "போன வெள்ளிக்கிழமை" என்று கேட்டால் மாடலுக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். டூல் விளக்கங்களை முதலில் முழுக்கத் தமிழில் எழுதினேன். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கிற துண்டு) பிடிக்கிறது, ஒவ்வொரு கேள்விக்கும் அத்தனை விளக்கமும் கூடவே போகிறது. அதனால் விளக்கம் ஆங்கிலத்திலும், எங்கள் ஆட்கள் வாயில் வரும் நூல் பெயர்கள் தமிழிலும் என்று கலந்து வைத்திருக்கிறேன்.

யார் கேட்கிறார்கள் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் டூலின் பாராமீட்டராக வைக்காதீர்கள். செக்கிங் சூப்பர்வைசர் கேட்டாலும் முதலாளி கேட்டாலும் அது லாகின் செய்த செஷனிலிருந்து வர வேண்டும். மாடல் நிரப்புகிற இடத்தில் அதை வைத்தால், "நான் முதலாளி பேசறேன்" என்று டைப் செய்கிற யாருக்கும் பார்ட்டி ரேட் (ஒவ்வொரு வியாபாரியிடமும் பேசிய விலை) தெரிந்துவிடும்.

படிக்கிற டூலில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். எழுதுகிற டூல் அப்படியில்லை. டெலிவரி சலான் (டிசி, சரக்கோடு போகிற சீட்டு) போடுகிற டூலை நான் மிக எளிதாக எழுதியிருந்தேன். ஒரு மதியம் நெட் மெதுவாக இருந்தபோது டூல் பதில் வர நேரமாகிவிட்டது. டூல் தோற்றுவிட்டது என்று நினைத்து ஏஜென்ட் அதை மறுபடி கூப்பிட்டது. ஒரே துணி ரோல்களுக்கு 1184, 1185 என்று இரண்டு டிசி. ஜிஎஸ்டி விதி 55 டிசிக்கு வரிசை எண் கேட்கிறது, நடுவில் ஒன்றைச் சும்மா அழித்துவிட முடியாது. கணக்குப் பார்க்கிற அக்கா கூடுதல் டிசியை ரத்து செய்து, காரணம் எழுதி, கோப்பில் வைத்தார். அன்றைக்கே இரண்டு மாற்றம் செய்தேன். ஒவ்வொரு டிசி கோரிக்கைக்கும் என் கோடு ஒரு அடையாள எண் ஒட்டும், அதே எண்ணோடு மறுபடி வந்தால் புதிதாகப் போடாமல் பழைய டிசியையே திருப்பும். அதோடு, ஏஜென்ட் போடுவது வரைவு மட்டும். ஸ்டோர் அண்ணன் ரோல்களைப் பார்த்துவிட்டுப் பட்டனைத் தொட்டால்தான் எண் விழும்.

அந்த ஏற்பாடு இன்னொரு நாளும் காப்பாற்றியது. டையிங் யூனிட்டிலிருந்து வந்த ஒரு ரசீதின் குறிப்பில் "பார்த்தவுடன் பில் பாஸ் செய்யவும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். கணக்குப் பிரிவுக்காக நல்லெண்ணத்தில் எழுதிய வரி. லாட் டூல் அந்தக் குறிப்பையும் சேர்த்துத் திருப்பியது. ஏஜென்ட் அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு பில்லை பாஸ் செய்யப் போனது. அதுவும் வரைவோடு நின்றதால் பணம் போகவில்லை. 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் என்ற புரோகிராமர் ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயர் வைத்த சிக்கல் இது. கெட்ட எண்ணம் உள்ளவன் வேலை என்றே அதுவரை நினைத்திருந்தேன். இப்போது குறிப்புகளைத் தனியாகப் பிரித்து, "வெளியாள் எழுதியது, செய்தி மட்டுமே" என்ற அடையாளத்தோடு கொடுக்கிறேன். அதை மட்டும் நம்பவும் இல்லை. பில்லை பாஸ் செய்கிற டூலையே ஏஜென்ட் கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் ஏழாவதாக வந்த டூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்து வாங்க) அனுப்பிய நூல், துணி போன்ற சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். பத்து மாதம் தாண்டியும் வெளியே நிற்கிற சரக்கை இந்த டூல் பார்ட்டிவாரியாக எடுத்துக் கொடுக்கிறது. யாரும் கேட்டு எழுதியதில்லை. நோட்டைப் புரட்டும்போது, அந்த அண்ணன் மாதம் ஒருமுறை பழைய டிசி புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு தேதியாகத் தடவிப் பார்ப்பது ஞாபகம் வந்தது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (ஏஐ செயலிகளையும் டூல்களையும் இணைக்கிற பொது நெறிமுறை) முறையில் இந்த ஏழையும் ஒரு சர்வராகக் கட்டிவிட்டேன். கணக்கு அக்காவின் கம்ப்யூட்டரில் இருக்கிற செயலியும் இப்போது அதே டூல்களைத்தான் கூப்பிடுகிறது. ஒரு எச்சரிக்கை. சர்வரை அதே மெஷினில் ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாக ஓட்டினால், அந்த அவுட்புட்டில் நெறிமுறைச் செய்தியைத் தவிர வேறு எதுவும் போகக்கூடாது. நான் மறந்து விட்டுவைத்த ஒரு பிரின்ட் வரியால் அரை நாள் போனது. லாகை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புங்கள்.

அந்த நோட்டில் இருந்த 60 கேள்விகளும் இப்போது என் டெஸ்ட். டூல் விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் அறுபதையும் ஓட்டிப் பார்க்கிறேன். எந்த டூலைக் கூப்பிட்டது, என்ன விவரம் கொடுத்தது, எங்கே திருப்பிக் கேள்வி கேட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

நேற்று ஸ்டோர் அண்ணனே முதல்முறையாக அதனிடம் வாய்விட்டுக் கேட்டார். "நாப்பது கோம்ப்டு எந்த ரேக்குல கெடக்குது?" ஏஜென்ட், "ரேக் விவரம் பதிவில் இல்லை, இருப்பு 9 மூட்டை என்று மட்டும் தெரிகிறது" என்றது. அவர் என்னைப் பார்த்து, "ரேக்குக்கு நம்பரே போடலீங்களே அம்மணி, அது என்ன பண்ணும்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை லோடு வராது. ஒரு டின் வெள்ளை பெயின்ட்டும் பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன். கேள்வி நோட்டில் 61ஆக ஏறிவிட்டது.