ஒன்பது மணி நேரமும் அப்பாவின் தொழிலும்

2018 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னையிலிருந்து பாஸ்டன் போகும் வழியில் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டிக்கெட் போட்ட அன்றே பக்கத்திலிருக்கும் மைன்ஸ் நகருக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஐரோப்பாவில் உலோக எழுத்துகளால் புத்தகம் அச்சிடத் தொடங்கிய குட்டன்பர்க் பிறந்த ஊர் அது. என் அப்பா கும்பகோணத்தில் முப்பது வருடம் கம்பாசிட்டராக, அதாவது அச்சு எழுத்துகளைக் கோர்ப்பவராக, இருந்தவர்.

விசா பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வர ஷெங்கன் விசா வேண்டும், அமெரிக்க விசா இருந்தாலும் போதாது. முந்தின வருடம் அலுவலக வேலைக்காக எடுத்த விசா எனக்கு இன்னும் முடியாமல் இருந்தது, பல முறை உள்ளே போய் வரலாம் என்றும் அதில் இருந்தது. பெட்டிகள் நேராக பாஸ்டனுக்குப் போய்விடும். தோளில் ஒரு பையோடு வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, ரயிலுக்குக் கீழே இறங்கினேன்.

எஸ்8, எஸ்9 இரண்டு ரயிலிலும் வீஸ்பாடன் என்றுதான் போட்டிருக்கும். எஸ்8தான் மைன்ஸ் ஊருக்குள் போகிறது. மற்றது ரைன் நதியின் மறுகரையிலேயே போய்விடும். ஏறும் முன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரப் பயணம். ரைன் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ரோமிஷெஸ் தேயாட்டர் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் பழைய ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. ரோமானியர் காலத்து அரங்கம் ஒன்றின் இடிபாடுகள் பிளாட்பாரத்தை ஒட்டியே கிடக்கின்றன.

மைன்ஸில் எனக்கு வழி தப்பவே இல்லை, அதற்குத் தெருப் பலகைகள்தான் காரணம். ரைன் நதிக்கு இணையாக ஓடும் தெருக்களுக்கு நீலப் பலகை, நதியை நோக்கிப் போகும் தெருக்களுக்குச் சிவப்புப் பலகை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற ஏற்பாடு. சிவப்பைப் பிடித்து நடந்தால் ஒன்று ஆறு வரும், இல்லையென்றால் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை சந்தை நாள். ஆயிரம் வருடப் பழமையான செம்மணற்கல் பேராலயத்தைச் சுற்றிக் கடை போட்டிருந்தார்கள். வெள்ளை ஆஸ்பாரகஸ் கட்டுக் கட்டாக இருந்தது, ஸ்ட்ராபெரி வாசனை தூக்கலாக வந்தது. நான் நிற்கவில்லை. குட்டன்பர்க் அருங்காட்சியகம் எதிரிலேயே இருந்தது.

(இப்போது அந்த இடத்தில் புதுக் கட்டடம் கட்டுவதற்காக அருங்காட்சியகத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.)

குட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சிட்டு முடித்த பைபிள் அங்கே ஒரு இருட்டறையில், கண்ணாடிக்குள், மங்கலான வெளிச்சத்தில் இருந்தது. ஏறக்குறைய 180 பிரதிகள் அச்சிட்டதாகச் சொல்கிறார்கள், இன்று முழுதாகவோ பகுதியாகவோ மிஞ்சியவை ஐம்பதுக்குள்தான். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. கறுப்பு மை இன்னும் பளபளத்தது. நான் பார்த்தது வலது ஓரத்தை. எல்லா வரியும் கத்தியால் வெட்டியதுபோல ஒரே இடத்தில் முடிகிறது.

அந்த ஓரத்துக்காக அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். வரி நிரம்பாவிட்டால் சொற்களுக்கு நடுவே மெல்லிய ஸ்பேஸ் கட்டைகளைச் செருகிக்கொண்டே இருப்பார். குட்டன்பர்க் வேறு வழி பிடித்தார். ஒரே எழுத்தை வெவ்வேறு அகலத்தில் வார்த்தார், இரண்டு எழுத்துகளை ஒட்டி ஒரே அச்சாக்கினார், சொற்களைச் சுருக்கக் குறிகள் செய்தார். இருபத்தாறு எழுத்துக்குள் அடங்க வேண்டிய மொழிக்கு அவரிடம் 290 வகை அச்சுகள் இருந்தன. தமிழுக்கு இத்தனை அச்சா என்று சலித்துக்கொள்பவர்களை அந்தக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்போல் இருந்தது.

ஒன்றை மறைக்காமல் அங்கேயே காட்டியிருந்தார்கள். கிழக்காசியாவுக்கு எனத் தனிப் பகுதி இருந்தது. கொரியாவில் 1377-லேயே உலோக எழுத்துகளால் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள்.

கீழ்த்தளத்தில் பழைய பட்டறையைப் போலவே ஒன்றை அமைத்து, எழுத்து வார்த்துக் காட்டினார்கள். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த உருகிய உலோகம். அதைச் சின்னக் கரண்டியால் மொண்டு, கையில் அடங்கும் அச்சுவார்ப்பில் ஊற்றி, வெடுக்கென்று ஒரு உதறு உதறினார் அந்த மனிதர். திறந்தார். வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு ஒரு எழுத்து விழுந்தது, காலில் வார்ப்பு வால் ஒட்டியிருந்தது. நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது, கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்குவுக்காக ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்து, காகிதம் கட்டுப்படியாகாமல் போனதால், பாலாடைக்கட்டி வந்த ஈய டப்பாக்களை உருக்கிச் சின்ன எழுத்துகளைப் பொறையாரில் வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதும் அச்சானது. அதற்கும் வெகு முன்னால், 1578-லேயே கொல்லத்தில் வார்த்த எழுத்துகளில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் வந்துவிட்டது. குட்டன்பர்க் முடித்து நூற்றிருபது வருடங்கள்தான் ஆகியிருந்தன.

அருங்காட்சியகத்தோடு சேர்ந்ததாகப் பக்கத்திலேயே ஒரு அச்சகமும் வைத்திருந்தார்கள். ட்ரூக்லாடன் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுத்துக் கோர்த்து அச்சடித்துப் பார்க்கலாம். வயதான தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெய்யும் கலந்ததுபோல ஒரு வாசனை வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டி அப்பா எழுத்துக் கோர்த்த நீள அறையின் வாசனை அதேதான்.

அப்பாவின் பெயரை ஆங்கில எழுத்தில் கோர்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒரே கேஸில் (எழுத்துகளைப் பிரித்துப் போடும் அறைகள் கொண்ட தட்டு) இருந்தன, அதனால் தேடத்தான் கொஞ்சம் நேரமானது. எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக் கைக்கு வந்ததும் மற்றது தானாக வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், நிக் என்பார்கள். விரல் அதைத் தடவியதுமே எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் அச்சான பக்கங்களைப் பிரித்து எழுத்துகளைக் கேஸில் திருப்பிப் போடுகிற வேலை எனக்குத்தான். நூறு எழுத்துக்கு இவ்வளவு என்று அப்பா காசு தருவார்.

என் இடது கட்டை விரல் கடைசி எழுத்தை அழுத்திப் பிடித்திருந்ததை ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அருகில் வந்து, எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா கம்பாசிட்டர் என்றேன். நானும்தான் என்று தன் விரலைக் காட்டினார், அதே இடத்தில் தழும்பு. அதற்குமேல் பேச எங்களுக்கு மொழி பெரிதாகத் தேவைப்படவில்லை. அவரே மை தடவிக் கொடுத்தார், நான் கைப்பிடியை இழுத்தேன். இரண்டு தாள் எடுத்தோம், ஒன்று அவருக்கு.

எழுத்துக் கோர்க்கத் தேவையில்லாத ஆஃப்செட் அச்சு வந்தபோது எங்கள் எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். லாரியில் ஏற்றும்போது அப்பா வெளியே வரவே இல்லை. இதைப் பெரியவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

மதியம் ஷ்புண்டகேஸ் என்கிற, பாப்ரிகா மிளகாய்த்தூள் போட்ட பாலாடைக்கட்டி, தொட்டுக்கொள்ளக் குட்டி பிரெட்ஸல். இறைச்சி சேர்க்காதது. மிச்சமிருந்த நேரத்தில் மேட்டின் மீதிருக்கும் புனித ஸ்டீஃபன் தேவாலயத்துக்கு ஏறினேன். மார்க் ஷகால் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு செய்த கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே எல்லாமே நீலம். போரில் எரிந்த தேவாலயத்துக்கு, ஒரு யூதர் ஜெர்மனிக்குச் செய்து கொடுத்தது. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், பையிலிருந்த தாளின் மை காயாமல் ஒட்டிவிடுமோ என்று திறந்து திறந்து பார்த்தபடி.

இரண்டு மணிக்கு ரயில். விமானத்துக்கு நேரம் தாராளமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கும்பகோணம் போனபோது தாளைக் கொடுத்தேன். அப்பா தன் பெயரைப் படிக்கவில்லை. உடனே தாளைத் திருப்பி, பின்பக்கத்தை ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவினார். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி பாப்பா," என்றார். "தாளுக்குப் பின்னாடி வைக்கிற பேக்கிங்ல ஒரு தாளை எடுத்திருக்கணும்."