தரகர் இல்லாமல் வீடு விற்றோம்: விலையை எப்படி முடிவு செய்தோம்

குரோம்பேட்டையில் 1990களின் நடுவில் அப்பா கட்டிய வீட்டை, அண்ணனும் நானும் தங்கையுமாகச் சேர்ந்து, தரகர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் அண்மையில் விற்று முடித்தோம். செய்தி கேட்ட நண்பர்களில் பெரும்பாலோர் கேட்டது, தரகர் இல்லாமல் ஆள் எப்படிக் கிடைத்தார் என்றுதான். ஆள் கிடைப்பதில் இன்று பெரிய சிரமம் இல்லை. வாசலில் ஒரு பலகை, நோபுரோக்கர், 99ஏக்கர்ஸ் போன்ற தளங்களில் ஒரு பதிவு, ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் ஒரு வரி விளம்பரம் ஆகியவை போட்டால் தொலைபேசி அடித்துக்கொண்டேதான் இருக்கும். எங்களுக்கு வேலை வைத்தது விலைதான். தரகர் ஒருவர் நடுவில் இருந்தால், "சார், இந்த ரேட்டுக்குப் போகாது" என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் இருப்பார். அவரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் அதையும் நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது; பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள மனம் எளிதில் இடம் கொடுப்பதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தரகு ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ இருக்கும். 1 கோடியே 40 லட்சத்துக்குப் போகும் வீட்டில் இரண்டு சதவீதம் என்றால் 2 லட்சத்து 80 ஆயிரம். சிறிய தொகை இல்லைதான். ஆனால் விலையை ஐந்து சதவீதம் குறைத்துச் சொல்லிவிட்டால் கைவிட்டுப் போவது 7 லட்சம். கூட்டிச் சொல்லிவிட்டாலோ வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அதற்குள் விளம்பரம் பழசாகி, "ரொம்ப நாளாகப் போகாமலே கிடக்கிறதே, பத்திரத்தில் ஏதாவது வில்லங்கமோ" என்ற பேச்சு கிளம்பிவிடும். ஆகவே தரகு மிச்சம் என்று மகிழ்வதற்கு முன் விலை சரியா என்று பார்த்தாக வேண்டும்.

வீட்டு விலை என்று ஊரில் உலவும் எண்கள் பல. உறவினர் கல்யாண வீட்டில் சொல்லும் விலை ஒன்று. இணையத்தில் அடுத்த தெருக்காரர் போட்டிருக்கும் விலை இன்னொன்று. அது அவர் கேட்கும் விலையே அன்றி அவருக்குக் கிடைத்த விலை அல்ல. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததைக் காட்டி ஒரு தொகை ஏற்றுவார்கள். விமான நிலையத்திலிருந்து அதுவரை மெட்ரோ வரப்போகிறது என்பதற்காக இன்னொரு தொகை ஏற்றுவார்கள். வராத ரயிலுக்கு இன்றே பணம் கொடுக்க, வாங்குபவர் முன்வருவதில்லை.

நம்பத் தகுந்த எண் பதிவுத்துறையிடம் இருக்கிறது. அதன் டிஎன்ரெஜிநெட் தளத்தில், ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும். நம் வீட்டின் உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுப் பார்க்காமல், அதே தெருவில் உள்ள பக்கத்து உட்பிரிவு எண்களையும் போட்டுப் பார்த்தால், அண்மையில் யார் யாருக்கு எவ்வளவுக்கு விற்றார் என்பது வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு பதிவிலும் பத்திரத்தில் எழுதிய விலை கைமாற்றுத் தொகை என்றும், வழிகாட்டி மதிப்பின்படி வரும் தொகை சந்தை மதிப்பு என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால், பெரும்பாலும் அந்தப் பத்திரம் அரசின் வழிகாட்டி மதிப்புக்கே எழுதப்பட்டிருக்கிறது, மீதிப் பணம் வேறு வழியில் கைமாறியிருக்கிறது என்று ஊகிக்கலாம். விலை கண்டுபிடிக்க அந்தப் பதிவு உதவாது. கைமாற்றுத் தொகை சந்தை மதிப்பைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்து, அதற்கு அடுத்த பதிவே ஒரு வங்கியின் பெயரில் உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பாகவும் இருந்தால், அவர் வீட்டுக் கடன் வாங்கி முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டியே வாங்கியிருக்கிறார் என்று பொருள். எங்கள் விலைக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டவை அப்படிப்பட்ட பதிவுகள் மட்டுமே. அவற்றைத் தேடி எடுப்பது பொறுமை கேட்கிற வேலை. ஆனால் எந்தத் தரகரின் வாய்ச்சொல்லும் அவற்றுக்கு ஈடாகாது.

கணக்கு எளிதாக விளங்குவதற்காக எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். மனை 1,800 சதுர அடி, அதாவது முக்கால் கிரவுண்டு. நம்பத் தகுந்த பதிவுகளின்படி சதுர அடிக்கு 7,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் மனைக்கு மட்டும் 1 கோடியே 35 லட்சம். கட்டடம் 900 சதுர அடி. இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் இருபத்திரண்டரை லட்சம் ஆகும் என்றும், கட்டடத்தின் ஆயுளில் பாதி கழிந்துவிட்டது என்றும் வைத்தால், காகிதக் கணக்கில் 11 லட்சம் தேறும். வந்து பார்த்தவர்கள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. குடியிருக்க வாங்குபவர் பழைய வயரிங்கையும் குளியலறைக் கசிவையும் பார்த்துச் செலவைக் கழிக்கிறார். அடுக்குமாடி கட்டுபவருக்கோ கட்டடம் என்பது இடித்து அப்புறப்படுத்த வேண்டிய செலவு. தெருவின் அகலம் என்ன, எத்தனை வீடு எழுப்பலாம், ஒன்றை என்ன விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டுத் தம் இலாபத்தையும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் மனைக்குத் தர முன்வருகிறார். நாங்கள் கட்டடத்துக்கு 5 லட்சம் வைத்தோம். மாடியில் அம்மா துணி உலர்த்துவதற்கென்று போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு விலை எதுவும் வைக்கவில்லை. அனுமதி வரைபடத்தில் இல்லாத பகுதியை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக மொத்தம் 1 கோடியே 40 லட்சம்.

அண்ணன் 1 கோடியே 60 லட்சத்துக்குக் கீழே பேசக்கூடாது என்றார். அவருடைய வாதம் எளிமையானது: கேட்பதில் என்ன நஷ்டம், வந்தால் வரட்டும், வராவிட்டால் குறைத்துக்கொள்ளலாம். அவருக்கு விடை சொன்னது வங்கிக் கணக்குதான். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில், சொத்தின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தாலும், முத்திரைத் தீர்வை 7 சதவீதத்துடன் சேர்த்தால் 9 சதவீதம் ஆகிறது. 1 கோடியே 40 லட்சத்துக்கு வாங்குபவருக்குக் கடன் 1 கோடியே 5 லட்சம் கிடைக்கும். கையிலிருந்து 35 லட்சமும் பத்திரத்துக்கு 12 லட்சத்து 60 ஆயிரமுமாக, 47 லட்சத்து 60 ஆயிரம் வைத்திருக்க வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 91,000 ரூபாய். இதைத் தாங்கும் குடும்பங்கள் குரோம்பேட்டையில் வீடு தேடுவோரில் இருக்கிறார்கள், ஆனால் கூட்டமாக இல்லை.

இனி விலையை 1 கோடியே 60 லட்சமாக்கிப் பார்ப்போம். நாம் விலையை ஏற்றினோம் என்பதற்காக மதிப்பீட்டாளர் தம் மதிப்பை ஏற்றமாட்டார். அவர் 1 கோடியே 40 லட்சம் என்றே எழுதினால், இரண்டில் குறைந்ததைக் கொண்டே வங்கி கணக்கிடுவதால், கடன் அதே 1 கோடியே 5 லட்சம்தான். வாங்குபவர் 55 லட்சமும் பத்திரச் செலவு 14 லட்சத்து 40 ஆயிரமும் சேர்த்து 69 லட்சத்து 40 ஆயிரம் கைப்பணமாகப் புரட்ட வேண்டும். நாம் கூட்டிச் சொன்ன 20 லட்சம் முழுவதும், அதற்கான பத்திரச் செலவோடு, அவருடைய சேமிப்பிலிருந்தே வந்தாக வேண்டும். இந்தத் தாளைப் பார்த்த பிறகும் அண்ணன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. தங்கைதான், "அண்ணா, இதே வீடு வேறு யாருடையதாவது இருந்தால் நீங்க 1.60 கொடுத்து வாங்குவீங்களா?" என்று கேட்டாள். அவர் அதற்கு மறுமொழி சொல்லாமல், சரி, 1.45 என்று போடுங்கள் என்றார்.

அந்த 5 லட்சம் பேரத்துக்காக விட்ட இடம். நம் ஊரில் சொன்ன விலையிலேயே முடிப்பவர் கிடையாது. எதையும் குறைக்காவிட்டால் வாங்குகிறவர் வீட்டில் அவருக்கே மதிப்பு இருக்காது. ஆனால் விட்டுக்கொடுக்கும் இடம் மூன்று நான்கு சதவீதத்தைத் தாண்டினால், தளங்களில் விலை வரம்பு வைத்துத் தேடுபவர்களின் கண்ணிலேயே வீடு படாது. தொலைபேசியிலேயே "கடைசி விலை என்ன சார்?" என்று கேட்பவர்களுக்கு நான் எண் சொல்லவில்லை, வீட்டைப் பாருங்கள், பத்திர நகல்களைப் படியுங்கள், உட்கார்ந்து பேசுவோம் என்றேன். பாதிப்பேர் வரவில்லை. அவர்கள் வாங்குவதற்காகக் கேட்டவர்களும் அல்லர். இரு தரப்புக்கும் தரகு மிச்சமாகிறது என்பதை வாங்க வருபவரும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார். அதில் ஒரு பங்கை விலையில் அவருக்கு விட்டுக்கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

காலமும் விலையில் சேரும். ஆனியில் வந்து பார்த்துப் பிடித்துப்போனவர்கள்கூட, ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் முன்பணம் தருகிறோம் என்றார்கள். ஆடியில் யாரும் வரவில்லையே என்று பதறி விலையைக் குறைப்பது வீண். ஆவணி, தை போன்ற நல்ல மாதங்களிலும் பார்த்துப் போனவர்கள் மறுபடி குடும்பத்தோடு வரவில்லை என்றால்தான் விலையை மறுபடி யோசிக்க வேண்டும். ஒருமுறை பார்ப்பவர்கள் பலவகை. இரண்டாம் முறை பெற்றோரையும் கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு வருபவர்தான் விலை பொருந்தி வருகிறவர்.

"புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்" என்று பலகையில் எழுதியும் முதலில் வந்த அழைப்புகளில் பெரும்பகுதி தரகர்களிடமிருந்துதான். சிலர் வாங்குபவர் போலவே பேசி, வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பெயரில் வேறு விலைக்கு விளம்பரம் போட்டார்கள். ஒரே வீடு மூன்று விலையில் இணையத்தில் நின்றால் மிகக் குறைந்த விலையைக் காட்டித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆகவே எங்கள் பதிவில் விலையைத் தெளிவாக எழுதி, படங்களின் மேல் கைப்பேசி எண்ணையும் போட்டுவிட்டோம். இன்னொன்று: முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்பவர் எவரானாலும் இணைப்பைத் துண்டித்துவிடலாம், பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யத் தேவையில்லை.

வந்தவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்டது, 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் ஏறியதா என்பது. தெருவில் முழங்காலளவு நின்றது, வீட்டுக்குள் வரவில்லை என்ற உண்மையை அப்படியே சொன்னோம். மறைத்தால் அடுத்த வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். பிறகு நாம் சொல்லும் வேறு எதையும் நம்பமாட்டார்கள். எங்கள் வீடு தெருக்குத்தாக இல்லாததும் ஒரு வசதி. தெருக்குத்து வீட்டுக்காரர் அந்த நம்பிக்கை தமக்கு இல்லை என்று வாதாடிப் பயனில்லை. வாங்குகிறவருக்கு இருந்தால் விலை குறையும்.

பத்திரங்கள் சரியாக இருப்பதும் விலையின் ஒரு பகுதிதான். விளம்பரம் போடுவதற்கு முன்பே, அப்பாவின் பெயரில் இருந்த பட்டாவை வாரிசுச் சான்றிதழைக் காட்டி எங்கள் மூவர் பெயருக்கும் மாற்றிக்கொண்டோம். மூலப்பத்திரம், அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் வைத்து, வந்தவர்களிடம் அங்கேயே படிக்கக் கொடுத்தோம். அண்ணனும் தங்கையும் தங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். விற்பதற்காக அது தேவையில்லை; மூவரும் ஒன்றாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும், அந்தச் செலவு மிச்சம்.

1 கோடியே 40 லட்சத்துக்கே முடிந்தது. தொகை முழுவதும் பத்திரத்தில் காட்டப்பட வேண்டும் என்பதை நாங்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதால், கறுப்பில் ஒரு பகுதி தருவதாகச் சொன்ன கட்டுமானக்காரர் ஒருவர் தாமாகவே விலகினார். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால் அதே அளவு தண்டம் கட்ட நேரிடும். தமிழ்நாட்டில் 2012இன் இறுதியிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், வழக்கறிஞரை வைத்து எழுதி, காலக்கெடுவையும் முன்பணத்தையும் குறிப்பிட்டுப் பதிந்துகொண்டோம். விற்பனைத் தொகை 50 லட்சத்தை எட்டினால் வாங்குபவர் ஒரு சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். எங்கள் ஒவ்வொருவரின் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் பிடித்தம் உண்டு. 2024 அக்டோபர் முதல் எல்லாப் பங்குகளையும் கூட்டியே வரம்பு பார்க்கப்படுகிறது. மூவர் பெயரிலும் தனித்தனியாக அந்த வரி கட்டப்பட்டதா என்று பார்த்து, சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

விற்ற இலாபத்தின் மேல் வரும் மூலதன ஆதாய வரியை விலை பேசும் முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுவது நல்லது. 2024 ஜூலை 23க்கு முன்பு வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர்கள் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளும் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்ற இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம். அப்பா 2001க்கு முன் வாங்கிய மனை என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக வைக்க முடிந்தது. அந்த மதிப்பு அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான், கடைசிச் சுற்றுப் பேரத்தில் வாங்குபவர் இன்னொரு 2 லட்சம் குறைக்கச் சொன்னபோது, வரி போக எங்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு குறையும் என்பதை உடனே பார்த்து, முடியாது என்று சொல்ல முடிந்தது. அவரும் மறுநாள் காலையில் சரி என்றார்.