68000

போன மே மாதம், மதியத்தில் ஏதாவது வீடியோவை என்கோட் செய்யப் போட்டால் என் பழைய டெஸ்க்டாப் பட்டென்று அணைந்துவிடும். மூன்று நாள் இதே கதை. சூடுதான் காரணம் என்று தோன்றியது. ஆனால் எண்ணைப் பார்க்காமல் ஸ்குரூடிரைவரை எடுக்க மனமில்லை.

லினக்ஸில் வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் நிறுவி, சென்சார்களைத் தேடிப் பிடிக்கும் சென்சார்ஸ்-டிடெக்ட்டை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் எண்டர் தட்டினால் போதும். முதலில் கோர்டெம்ப் என்ற டிரைவர் தரும் பிராசசர் வெப்பம் மட்டுமே தெரிந்தது, ஃபேனைக் காணோம். ஃபேன் வேகத்தைச் சொல்வது பிராசசர் இல்லை, மதர்போர்டில் இருக்கும் தனிச் சிப். என் போர்டில் இருப்பது நுவோட்டான் நிறுவனத்தின் சிப். அதற்கான டிரைவரான என்சிடி6775 மாட்யூலை ஏற்றியதும் அந்த வரிகளும் வந்தன.

சரி, ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் வாட்ச்சோடு சென்சார்ஸ் கட்டளையைச் சேர்த்து ஓடவிட்டு, என்கோடிங்கைத் தொடங்கினேன். 54 டிகிரி, 80, 93, 98. ஃபேன் 2100 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருந்தது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது: ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் சூடு இறங்கவில்லை என்றால், சூடு பிராசசரை விட்டுச் சரியாக வெளியேறவில்லை.

திறந்து பார்த்தேன். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. பிரஷ்ஷால் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்தேன்.

அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூமான் அடைவில் இருக்கும் வெப்பக் கோப்பை, கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையால் நேரடியாகவே படித்தேன். லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், வெப்பம்கூட ஒரு சாதாரணக் கோப்பு. அதில் டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் எண் இருக்கும்; ஆயிரத்தால் வகுத்தால் டிகிரி. என்கோடிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது: 68000.