செம்பாட்டு யானைகள்

கென்யாவுக்குக் கொண்டுபோன வெள்ளைச் சட்டையை வந்த பிறகு மூன்று முறை துவைத்துவிட்டேன். கழுத்துப்பட்டியில் ஏறிய சிவப்பு போகவில்லை. அடுத்த வீட்டு மாமி கொடியில் அதைக் கண்டுவிட்டு, "வெங்காயத் தறைக்குள் நின்றாயா பிள்ளை?" என்று கேட்டார். உரும்பிராயில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தக் கறை பழக்கமானது. "இது நம்மூர்ச் செம்பாடு இல்லை மாமி, சாவோ என்கிற காட்டின் மண்" என்றேன். அவர் சட்டையைத் தடவிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

மகள் நைரோபியில் வேலை பார்க்கிறாள். "பென்சனும் எடுத்தாயிற்று, இனி என்ன சாட்டுச் சொல்லப் போகிறீர்கள் அம்மா?" என்று இரண்டு வருடமாக நெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னை மசாய் மாராவுக்குக் கூட்டிப்போகத்தான் நினைத்திருந்தாள். செரெங்கெட்டியிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் என்கிற பெரிய மான் இன விலங்குகள் புல்லைத் தேடி வடக்கே நகர்ந்து, ஆறு கடந்து அங்கே வருவதைப் பார்க்க உலகமே போகிறது. நான்தான் சாவோ என்று பிடிவாதம் பிடித்தேன். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். சிவப்பு யானைகள் உள்ள சிவப்பு மண் என்று எப்போதோ வாசித்தது மனதில் அப்படியே கிடந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விபரம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். திரும்பி வரும்போது கட்டுநாயக்காவில் அந்தச் சான்றிதழ் தேவைப்படும். கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. உடுப்புகளைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு போங்கள்.

நைரோபியிலிருந்து மொம்பாசா போகும் ரயிலில் ஏறி வோய் நிலையத்தில் இறங்கினோம். 2017இல் திறந்த பாதை அது. சாவோவுக்குள் தண்டவாளம் உயர்ந்த மேட்டின்மேல் போகிறது. யானைகள் அடியால் கடந்துபோவதற்கென்றே பாலங்களும் சுரங்கவழிகளும் விட்டிருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் நம் நாட்டில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஒரே தடவையில் ஆறு யானைகள் தண்டவாளத்தோரம் செத்துக் கிடந்த படம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே அந்த வழிகளைக் கண்ட இடமெல்லாம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

இதே சாவோவில் 1898இல் பழைய ரயில் பாதை போட்டபோதுதான் இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களைக் கூடாரங்களிலிருந்து இழுத்துப்போய்த் தின்றன. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பிரித்தானிய இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். என் அம்மப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் வாங்கியவர். கடல் கடந்து ரயிலுக்கு உழைக்கப் போனவர்களின் வீட்டில் வளர்ந்ததால், பெயரும் தெரியாத அந்த மனிதர்களை நினைத்து ஜன்னலோரம் கைகூப்பினேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை.

சாவோ கிழக்கும் மேற்கும் சேர்ந்தால் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இருபது மடங்கு வரும். 1948இலிருந்து தேசியப் பூங்கா. முதல் நாள் பின்னேரம் நான்கு மணியளவில், தூரத்தில் செம்புற்றுகள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தவை அசைந்தன. சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். ஒன்பது யானைகள். தலை முதல் கால் வரை செம்பாட்டு நிறம். மழை பெய்த மறுநாள் எங்கள் தோட்டத்து வரம்பு இருக்குமே, அந்த நிறம்.

ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். முன்னால் நின்ற பெண் யானை வலது முன்காலால் மணலைக் கிளறியது, தும்பிக்கையால் அள்ளி ஒதுக்கியது, மறுபடி கிளறியது. முழங்காலளவு பள்ளமானதும் அசையாமல் நின்றது. துரவு தோண்டியவர்களுக்கு அந்த நிற்பு விளங்கும். ஊற விட வேண்டும். ஊறியதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வாய்க்குள் விட்டது. குட்டி இடையில் புகுந்து பள்ளத்துக்குள் தலையை நுழைத்தபோது தாய் விலகி இடம் கொடுத்தது.

குடித்த பிறகு கரையேறி எங்களுக்குப் பதினைந்து அடி தூரத்தில் நின்றது. தும்பிக்கை நுனியில் எதிரெதிராக இரண்டு விரல் போன்ற முனைகள். நம் நாட்டு யானைக்கு ஒன்றுதான். அந்த இரண்டாலும் தரையில் கிடந்த ஒற்றை முள்மர நெற்றை, நாங்கள் ஊசி பொறுக்குவது போல எடுத்தது. பிறகு ஒரு வாரி மண்ணை அள்ளித் தோளின்மேல் வீசியது. அந்தப் புழுதிதான் என் சட்டையில் இருப்பது. யானையின் தோல் உள்ளே சாம்பல் நிறமே. வெயிலுக்கும் பூச்சிக்கும் காப்பாக மண்ணைப் பூசிக்கொள்வதால் இப்படிச் சிவக்கிறது. நம் செம்பாட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே இரும்பு ஒட்சைட்டு அங்கேயும். கதவில் ஊன்றியிருந்த என் முழங்கைக்கு ஏதோ அதிர்ந்தது. காதுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. யானைகள் தமக்குள் பேசும் அடித்தொண்டை உறுமல் என்றார் சாரதி.

பயமில்லாமல் நான் யானையைப் பார்த்தது அதுவே முதல் தடவை. குடாநாட்டில் யானை கிடையாது. வன்னியில் பிடித்தவற்றைக் கப்பலேற்றுவதற்காக நடத்திக் கொண்டுவந்த வழியின் பெயராக ஆனையிறவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அக்கா கலியாணம் முடித்துப் போனது ஒட்டுசுட்டானுக்கு. அங்கே போய் நிற்கும் நாட்களில் யானை என்றால் எனக்கு இருட்டுக்குள் தகரம் தட்டும் சத்தம், யானை வெடி, விடிந்ததும் அத்தானின் முகம். ஒரே இரவில் நாற்பது தென்னம்பிள்ளைகளின் குருத்தை இழுத்துத் தின்றுவிட்டுப் போயிருந்தன. அக்கா அழவில்லை. மிதிபட்ட கச்சானைக் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இலங்கையில் சில வருடங்களாக ஆண்டுக்கு 100க்கு மேற்பட்ட மனிதரும் 300க்கு மேற்பட்ட யானைகளும் இந்தச் சண்டையில் சாகிறார்கள். இரண்டு பக்கத்துச் சாவும் எனக்கு வலிக்கிறது.

இதைச் சாரதியிடம் சொன்னேன். அவர் டைட்டா இனத்தவர். சாகலா மலையடிவாரத்தில் சோளம் போடுகிறவர். "நாளை என் வீட்டுக்கு வாருங்கள்" என்றார். மறுநாள் சிங்கம் பார்க்கும் நேரத்தை விட்டுக்கொடுத்துப் போனோம். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. முதல் நாள் சாரதிகளின் ரேடியோவில் செய்தி வந்து பதினொரு வாகனங்கள் ஒரு பெண் சிங்கத்தை வளைத்து நின்றதைக் கண்டிருந்தேன். அது வெயிலுக்குள் எழுந்து போனது. நிழலை நாங்கள் அடைத்துக்கொண்டிருந்தோம். அது தவறு, யார் செய்தாலும் தவறு.

அவருடைய சோளத் தோட்டத்தைச் சுற்றித் தேனீப் பெட்டிகள் தொங்கின. பத்து மீற்றருக்கு ஒன்று, ஒன்றுவிட்டு ஒன்று வெறும் பெட்டி. எல்லாம் ஒரே கம்பியில் இணைந்தவை. இரவில் யானை கம்பியை நெஞ்சால் தள்ளினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். தடித்த தோலில் கொட்டிப் பயனில்லை. கண்ணோரத்திலும் தும்பிக்கைக்குள்ளும் கொட்டும். வலி பட்ட யானை மற்றவற்றுக்கும் குரல் கொடுத்து எச்சரித்துவிட்டு விலகும். காவலுக்குக் காவல், தேனும் விற்கலாம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மழை பொய்த்தால் பூ இல்லை, தேனீ பெட்டியை விட்டுப் போய்விடும், அந்த வருடம் வேலிக்கு வலுவில்லை என்றார். அவர் மனைவி ஒரு போத்தல் தேன் தந்தார். கறுப்பாக, கொஞ்சம் புகை வாசத்தோடு இருந்தது.

மூன்றாம் நாள் சாவோ மேற்கில் ம்சீமா ஊற்று. சூலு மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, நிலத்துக்கடியால் ஓடி, அங்கே கண்ணாடி போல வெளிவருகிறது. மொம்பாசா நகரம் இதைக் குழாயில் வாங்கிக் குடிக்கிறது. சுண்ணாம்புக் கல் வடித்துத் தரும் தண்ணீரைக் கீரிமலையில் கண்ட எனக்கு, நீர்யானைகளைவிட அந்த ஊற்றுக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கவே பிடித்தது.

அன்றிரவு அக்காவுக்கு அழைத்துத் தேனீ வேலியைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அங்கத்தைத் தேனீக்கு யானை ஓடும். எங்கள் தேனீக்கு ஓடுமா?" என்றார். சரியான கேள்வி. ஆபிரிக்கத் தேனீயின் மூர்க்கம் நம் தேனீக்கு இல்லை. ஆனாலும் தேனீ இரைச்சலுக்கு நம் யானைகளும் பின்வாங்குவதை இலங்கையிலேயே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். வஸ்கமுவப் பக்கத்தில் விவசாயிகள் இதே வேலியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தெரிந்த அளவு சொன்னேன். அத்தான் தொலைபேசியை வாங்கினார்.

"பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு தூரம்?"

"பத்து மீற்றர் அத்தான். பாதி வெறும் பெட்டி."

"காட்டுப் பக்கம் மட்டும் போட்டால்?"

"முதலில் அதைப் போட்டுப் பார்க்கலாம்."

மறுநாள் காலை வோய் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பெறாமகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அத்தான் கயிற்றின் ஒரு நுனியையும் அக்கா மறு நுனியையும் பிடித்துக்கொண்டு, தென்னங்காணியின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டு நின்றார்கள்.