அண்ணனின் அளவு என் நோட்டில்தான் இருந்தது

27 வருஷமாக ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போட மனசு வராது. எல்லாம் மேல் தட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். 2019 ஐப்பசியில் அண்ணனை நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த மறுநாள், அந்தக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன்.

அண்ணனுக்கு மில்லில் கணக்கு வேலை. நாள் முழுக்க நாற்காலிதான். அப்போது வயது 49. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 62 கிலோ. கல்யாணத்தின்போதும் ஏறக்குறைய அதே எடைதான். "நம்ம உடம்புக்கு ஹார்ட் அட்டாக்கெல்லாம் வராதுடா தம்பி" என்பார். அன்று ராத்திரி வலி வந்தபோதும் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சட்டை நனைய வேர்த்து, இடது கை கனத்துப்போன பிறகுதான் மதினி எனக்குப் போன் போட்டார்கள். அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஆஞ்சியோ பார்த்ததில் ஒரு குழாய் முழுக்க அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

"ஒல்லியான ஆளாச்சே சார்" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் போர்வையை விலக்கி அண்ணன் வயிற்றைக் காட்டினார். "கையும் காலும் ஒல்லி. இதையும் ஒல்லின்னா சொல்றீங்க?"

அதனால்தான் நோட்டைத் தேடினேன். 2004-இல் எழுதியது: நெஞ்சு 35½, வயிறு 31½, தொடை 22. 2019 தீபாவளிச் சட்டைக்கு எழுதியது: நெஞ்சு 36, வயிறு 36½, தொடை 20½. நெஞ்சை வயிறு தாண்டியிருக்கிறது, தொடை வற்றியிருக்கிறது. சதை குறைந்த இடத்தில் கொழுப்பு ஏறி, தராசில் முள் மட்டும் நகராமல் நின்றிருக்கிறது. இரண்டு வாரம் முன்பு அந்த டேப்பைப் பிடித்ததே நான்தான். துணி எவ்வளவு வேணும் என்ற யோசனையில் எழுதி வைத்துவிட்டேன்.

பேண்ட் அளவை நம்பவே கூடாது. அண்ணனுக்கு 15 வருஷத்தில் பேண்ட் இடுப்பு ஒரே ஒரு அங்குலம்தான் கூடியிருந்தது. வயிறு பெருக்கப் பெருக்க ஆண்கள் பேண்ட்டைக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். பெல்ட் தொப்பைக்கு அடியில் போய்விடும். "எனக்கு எப்பவும் 34தான்" என்று சொல்கிறவரின் தொப்புளைச் சுற்றி டேப்பைப் போட்டால் 39 இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு, வயிற்றை எக்காமல் எடுப்பதுதான் சரியான அளவு. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பெண்களுக்கு 80, முப்பத்தொன்றரைக்குள்.

மகள் நர்ஸிங் படிக்கிறாள். அவள்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் பொல்லாதது. அங்கிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை ரத்தத்தில் தள்ளும், நல்ல கொழுப்பு இறங்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பிரஷரும் ஏறும். அண்ணனின் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு 260, நல்ல கொழுப்பு 31. ஒல்லி என்ற தைரியத்தில் அதுவரை ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை.

புனேயைச் சேர்ந்த யாக்னிக் என்ற டாக்டரும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற டாக்டரும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்றையும் அவள் காட்டினாள். 2004-இல் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் ஊர்க்காரருக்கு 21.2. அண்ணனின் பி.எம்.ஐ.யும் 22தான். நமக்கு அதிக எடை 25-இல் இல்லை, 23-இலேயே தொடங்குகிறது என்று வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான். எடை கூடினால் ஆபத்தும் கூடும், அதில் மாற்றமில்லை. ஆனால் எடை கூடாதவரும் தப்பித்ததாக அர்த்தமில்லை.

52 நாடுகளில் 27,000 பேரை வைத்துச் செய்த இன்டர்ஹார்ட் ஆய்விலும், மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட வயிற்றுச் சுற்றைச் சீட் அளவால், அதாவது பின்பக்கம் புடைத்த இடத்துச் சுற்றளவால், வகுத்து வரும் கணக்குதான் அதிகம் பொருந்தி வந்ததாம். ஆண்களுக்கு அது 0.9-ஐத் தாண்டக் கூடாது. வயிறும் சீட்டும் நான் தினமும் எழுதுகிற அளவுகள். அண்ணனுக்கு வயிறு 36½, சீட் 36. வகுத்தால் ஒன்றுக்கு மேல்.

இப்போதெல்லாம் தெரிந்தவர்களுக்கு அளவு எடுக்கும்போது தொப்புள் மட்டத்திலும் ஒரு சுற்று எடுத்துத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாண மாப்பிள்ளை, வயது 29, எலும்பும் தோலுமாகக் கை, வயிறு 37. அவர் அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டு, வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். சங்கடப்பட்டார்கள். பரவாயில்லை.

அண்ணன் மாத்திரையை விடுவதில்லை. காலையில் சஞ்சீவி மலைப் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கிறார், ராத்திரிச் சோற்றை அளவோடு நிறுத்திக்கொள்கிறார். இந்தத் தீபாவளிக்கு எடுத்த அளவு: வயிறு 34, தொடை 21½. எடை 61. பழைய சட்டைகளையும் கொண்டுவந்து கொடுத்தார், பக்கத் தையலில் பிடித்துத் தைப்பதற்கு. ஏழு சட்டை.