சிங்கப்பூரில் அவசர சிகிச்சை: ஆம்புலன்ஸ் இலவசம், அட்மிஷன் அப்படியல்ல

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இங்கே நெஞ்சு வலித்தால், யோசிக்காமல் 995-ஐ அழையுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் வரும். உண்மையான அவசரமென்றால் காசு கேட்க மாட்டார்கள். அவசரமே இல்லாத கேஸ் என்று முடிவானால் 274 சிங்கப்பூர் வெள்ளி பில் வரும். காய்ச்சல், சளிக்கெல்லாம் பக்கத்துக் கிளினிக்தான் சரி.

எந்த ஆஸ்பத்திரி என்பதை 995 ஊழியர்களே தீர்மானிப்பார்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் தங்கியிருந்தால் பெரும்பாலும் நொவீனாவில் உள்ள டான் டோக் செங். குழந்தையென்றால் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டிய கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. தனியார் ஆஸ்பத்திரிதான் வேண்டுமென்றால் தனியார் ஆம்புலன்ஸையோ டாக்சியையோ பார்க்க வேண்டும்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், பிபி பார்ப்பார்கள், நோயின் தீவிரத்தைப் பார்த்து பி1 (உயிருக்கு ஆபத்து) முதல் பி4 (அவசரமில்லை) வரை தரம் பிரிப்பார்கள். நெஞ்சுவலிக்காரருக்கு ஈசிஜி உடனே எடுக்கப்படும்; கால் சுளுக்கிய பி3 மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். முன்னால் வந்ததைச் சொல்லிச் சண்டை போட்டுப் பயனில்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை முன்கூட்டியே போனில் படமெடுத்து வையுங்கள். நம்மூர் பிராண்ட் பெயர் இங்குள்ள டாக்டருக்குத் தெரியாமல் போகலாம். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் புரியும்.

அவசரப் பிரிவுக் கட்டணம் 100 வெள்ளிக்கு மேல். டாக்டர், சாதாரண எக்ஸ்ரே, வழக்கமான ரத்தப் பரிசோதனை பொதுவாக அதிலேயே அடங்கும். சிடி ஸ்கேன் போன்றவை தனி. இதுவரை சமாளிக்கலாம்.

"வார்டில் சேர்க்க வேண்டும்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கணக்கே மாறுகிறது. வார்டு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சுற்றுலாப் பயணிக்கு முழுக் கட்டணம், அதன்மேல் 9% ஜிஎஸ்டி. உத்தேச பில் போட்டு முன்பணம் கேட்பார்கள். ஐசியூ, ஸ்டென்ட் என்று போனால் பல்லாயிரம் வெள்ளி. அந்த நேரத்தில் பலருக்குக் கைகொடுக்காதது இந்திய வங்கி அட்டை: வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன்பே ஆப்பில் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள்.

சிங்கப்பூர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் பலர் எடுப்பதே இல்லை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு இல்லாமல் நடக்காது. அந்தக் கெடுபிடி இங்கும் இருந்தால் நல்லது என்றே தோன்றுகிறது. எடுத்தவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பை மறைத்திருந்தால் கிளெய்ம் போச்சு. 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் அறை வாடகை, அறுவை சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். பாலிசியில் உள்ள உதவி எண்ணை அட்மிஷன் அன்றே அழைக்காவிட்டால் உத்தரவாதக் கடிதம் (பில்லை நாங்கள் கட்டுகிறோம் என்று காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரிக்குத் தருவது) வராமல் போகலாம், அப்போது முழுப் பணத்தையும் முதலில் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

வேலை அனுமதியில் இருப்பவர் கதை வேறு. மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். முன்பு அது 15,000தான்.

மற்ற நாடுகளில் நிலைமை ஒவ்வொரு விதம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுச் சிகிச்சை யாருக்கும் இலவசம். அட்மிட் ஆனால் வெளிநாட்டவருக்கு என்ஹெச்எஸ் (அந்நாட்டு அரசு மருத்துவச் சேவை) கட்டணத்தில் 150%. அமெரிக்காவில் 1986 சட்டப்படி அவசரப் பிரிவு நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது, ஆனால் பில் பின்னாலேயே வரும். ஆம்புலன்ஸுக்கும் தனி பில். நம்மூரில் 108 இலவசம். 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த நாட்டவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட தொகை வரை இலவசம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் குறித்த பில், ரசீது மூன்றையும் வாங்கிவிடுங்கள். விரிவான மருத்துவ அறிக்கைக்குத் தனிக் கட்டணம், வரவும் வாரக்கணக்கில் ஆகும். காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்குமென்றால் விமானம் ஏறும் முன்பே விண்ணப்பித்து, ஊர் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.